அதே நம்பர்

மூன்று நாளாக ஈப்போவில் மழை விடவில்லை. துணிகளைக் கூடத்துக்குள்ளேயே கொடி கட்டி, காற்றாடியை ஓடவிட்டுக் காயவைக்கிறேன். இன்று காலை பனியனை எடுத்து மடிக்கும்போது அந்த வாடை வந்தது. அரைகுறையாகக் காய்ந்த பருத்தித் துணியின் வாடை. புளிப்புமில்லை, பூஞ்சையுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பனியனைக் கையில் வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் கழித்துத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது.

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நாற்பத்தெட்டு வருடம் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'இங்க பாரு', அவ்வளவுதான். இப்போது தாளில் உன் பேரை எழுதிப் பார்த்தேன், யாரோ வேறு ஒருத்திக்கு எழுதுவதுபோல இருந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இதை எழுதலாமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம்தான். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஷயம். எழுபத்தாறு வயதுக் கிழவன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிற விஷயமா என்று நீ கேட்கலாம். ஆனால் நான் அதைப் பேசாமல் இருந்த விதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நமக்குக் கல்யாணமான புதிதில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. நீ ஆயாக்கொட்டகையில், பால் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாய். சம்பளத்துக்கு மறுநாள் பீடோரிலிருந்து துணி பாய் வேனில் வருவார். ஆயிரம் கண் பார்க்க, பெண்கள் எல்லாரும் சேலையைப் பிரித்துப் பார்ப்பீர்கள், ரவிக்கைத் துணியைக் கசக்கிப் பார்ப்பீர்கள். ஆனால் ரவிக்கைக்குள் போடும் பாடி வாங்க மட்டும் எந்தப் பெண்ணும் வேனருகே வரமாட்டாள். அதைப் புருஷன்தான் வாங்கவேண்டும், அதுவும் கூட்டம் கலைந்த பிறகு, வேனின் மறுபக்கம் நின்று. அது யார் போட்ட சட்டமோ தெரியாது. எல்லா லயத்து வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது.

"என்ன நம்பர் தம்பி?" என்று பாய் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீ ஒரு தாளில் 32 என்று எழுதி என் சட்டைப்பையில் போட்டிருந்தாய். தாளையே எடுத்து நீட்டினேன். அவர் சிரிக்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அந்த மரியாதைக்காகவே கடைசிவரை அவரிடமே வாங்கினேன்.

நான் எதையும் எழுதி வைக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். தடித்த அட்டைபோட்ட நோட்டில் உனக்கு ஒரு பக்கம். செருப்பு 6. வளையல் 2-6. அதற்குக் கீழே 'பா. 32'. முழுச் சொல்லை எழுதக் கூச்சம். மகள் பிறந்த வருடம் பாயே சொன்னார், "பிள்ள பெத்தாச்சுல்ல தம்பி, ரெண்டு கூட்டிக்க." அடித்துவிட்டு 34 என்று எழுதினேன். என் மனைவியின் உடம்பைப் பற்றி என்னைவிடத் துணி பாய்க்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

அதோடு சரி. தோட்டத்தை விற்றார்கள், மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், நாம் ஈப்போவுக்கு வந்தோம். நான் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, நீ பள்ளிக்கூட கேண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிறவள். பாயின் மகன் ஈப்போவில் கடை போட்டிருந்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் அங்கே போவேன். மேல்மாடியில் கல்லாவுக்குப் பின்னால் நின்று அவன் கேட்பான்.

"அதே நம்பரா அண்ணே?"

"அதே."

இருபத்தைந்து வருடம் நான் உன்னைப் பற்றிச் சொன்ன ஒரே தகவல் அது. பொட்டலத்தை அலமாரியில் உன் சேலைகளுக்கு மேல் வைப்பேன். மறுநாள் அது அங்கே இருக்காது. நன்றாக இருக்கிறதா, இறுக்கமா, தளர்வா, ஒரு வார்த்தை நீ சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. சேலை வாங்கினால் கலர் சரியில்லை என்று மூன்று நாள் பேசுவாய். இதைப் பற்றி எதுவுமில்லை. எதுவும் சொல்லாததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஆபீசில் கோப்புகளை அப்படித்தான் பார்ப்போம், புகார் வராத கோப்பு ஒழுங்கான கோப்பு.

உனக்கு ஐம்பத்தொன்று நடந்த வருடம் அது. மகள் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாம் இருவர்தான். உனக்குச் சில மாதம் தூரமாவதும் சில மாதம் ஆகாததுமாக இருந்தது. இதை நீ சொல்லித் தெரியவில்லை. பூஜையறை விளக்கை யார் ஏற்றுகிறோம் என்பதை வைத்து நானே தெரிந்துகொண்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து வியர்வை ஓடும். முந்தானையால் விசிறிக்கொள்வாய். அறையை விட்டுக் கூடத்துக்கு வந்து வெறுந்தரையில் படுத்தாய்.

"ஏன் இங்க படுத்திருக்க?"

"புழுக்கமா இருக்குங்க. நீங்க போய்ப் படுங்க."

போய்ப் படுத்தேன்.

இன்னும் சிலவற்றையும் கவனித்தேன். மகள் வந்தால் அவளைக் கட்டிக்கொள்ளாமல் பக்கவாட்டில் தோளைக் கொடுத்தாய். தேங்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவள் கையைத் தள்ளி, உடம்பில் படாமல் தூக்கினாய். கேண்டீனிலிருந்து வந்ததும் நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாய். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும், தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிவைத்தவள் விடுவதுபோல. பிறகு தொளதொளவென்ற பாஜுச் சட்டையோடு வெளியே வந்து உலை வைப்பாய். அந்தப் பெருமூச்சை நான் நாள் தவறாமல் கேட்டேன். நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

அப்போதுதான் நீ எனக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய்.

"இங்க வாங்க. ரெண்டு சுண்டு அரிசிக்கு வெரல வச்சிப் பாருங்க, இந்தக் கோடு வரைக்கும் தண்ணி."

"எனக்கு எதுக்கு இது?"

"தெரிஞ்சி வச்சிக்கிட்டா கெட்டா போயிருவீங்க?"

விரல் கணக்கு எனக்குச் சரிவராது என்று அளவுக் குவளை ஒன்று வாங்கி வந்து கோடு போட்டேன். நீ சிரித்தாய். அதே மாதம் உன் தோட்டை மகளிடம் கொடுத்தனுப்பினாய். நீ மகளோடு போய் இருக்கத் திட்டமிடுகிறாய் என்று நினைத்தேன். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், நீ சொல்லும்வரை காத்திருப்பதே நல்லது என்று முடிவு செய்தேன். பயந்தவன் எடுக்கும் முடிவுகள் எல்லாம் நிதானமானவை போலவே தெரியும்.

ஒரு சனிக்கிழமை. எனக்கு அரைநாள் வேலை. நீ கேண்டீனில் விளையாட்டுப் போட்டிக்குச் சமைத்துக்கொண்டிருந்தாய். இரண்டு மணிக்கு மலைப்பக்கம் கறுத்துவிட்டது. கொல்லைக்கு ஓடிப்போய்த் துணிகளை எடுத்தேன். சட்டை, துண்டு, உன் பாஜு, தலையணை உறை. கடைசியில் என் கைலி. கிளிப்பை எடுத்ததும் கைலிக்கு அடியிலிருந்து உன் பாடி தொங்கியது.

பெண்கள் உள்துணியை இன்னொரு துணிக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் நம் கொல்லையில் மூன்று பக்கமும் சுவர். வீட்டில் இருந்த ஒரே ஆண் நான். நீ அதை மறைத்தது என்னிடமிருந்துதான்.

கையில் எடுத்துப் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அதை வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான். நான் வாங்கிக்கொடுத்த அதே ரகம். ஆனால் முதுகில் கொக்கி வைக்கும் இடத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டுத்துணி சேர்த்துத் தைத்திருந்தாய். நீலக் கோடு போட்ட துணி. என்னுடைய பழைய ஆபீஸ் சட்டை. பட்டையில் தோள் படும் இடத்தில் கைக்குட்டையை மடித்துச் சுற்றித் தைத்திருந்தாய். அடிப்பட்டை ஓரம் முழுக்க மஞ்சள் கறை, மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் போட்ட புண்ணின் கறை. காலையில் காயப்போட்டது, கைலிக்கு அடியில் காற்றுப் படாமல் இன்னும் நசநசவென்றிருந்தது. அந்த வாடைதான் இன்று காலை என் பனியனில் வந்தது.

என்ன செய்திருக்கவேண்டும்? எடுத்துப்போய்க் காற்றாடியில் காயவைத்திருக்கவேண்டும். நீ வந்ததும், இது என்ன, எங்கே புண், காட்டு என்று கேட்டிருக்கவேண்டும். நான் செய்தது வேறு. நான் பார்த்தது உனக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நினைத்தேன். பாடியைத் திரும்பக் கொடியில் போட்டு, அதன்மேல் கைலியை மூடி, கிளிப்பை மாட்டிவிட்டு, மற்றத் துணிகளோடு உள்ளே வந்து ஒழுங்காக மடித்து வைத்தேன். மழை கொட்டியது. ஜன்னலோரம் நின்று கைலி நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ குடையோடு வந்தாய். மடித்து வைத்த துணிகளைப் பார்த்தாய். ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை.

"கைலி நனையுதே," என்று மட்டும் சொல்லிவிட்டு மழையிலேயே போய் எடுத்து வந்தாய்.

உன்னிடம் போடக்கூடியதாக இருந்த பாடிகள் இரண்டே. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மறுநாள் காலை நீ அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைக்கப் பார்த்தாய். ஆவி எழும் 'ஸ்ஸ்' சத்தம் அறைக்குள்ளிருந்து கேட்டது. அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாய். நான் உன்னோடு நடந்து வந்தேன். அர்ச்சனைத் தட்டை நான் தூக்கிக்கொண்டேன். அதை ஒரு உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

செல்லம்மா அக்கா மட்டும் இல்லாதிருந்தால் இது எதில் முடிந்திருக்குமோ. தோட்டத்தில் நம் லயத்தில் பால் வெட்டியவர், இங்கேயும் மூன்று வீடு தள்ளி வந்து சேர்ந்தவர். அடுத்த வாரம் நான் வேலையிலிருந்து வரும்போது கேட்டருகே நின்றிருந்தார்.

"கிராணியாரே, கொஞ்சம் நில்லுங்க."

"என்னக்கா?"

"அந்த நோட்டுல எல்லாம் எழுதுவீங்களே, எங்க மாருல என்ன நடக்குதுன்னு எழுதியிருக்கா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. யாராவது கேட்கிறார்களா என்று தெருவைப் பார்த்தேன்.

"அங்க என்னா பார்வ? ஒங்க பொண்டாட்டி செத்துப் போயிருவோம்னு நெனைச்சிக்கிட்டு இருக்கா லா. எட்டு மாசமா. நெஞ்சுல கட்டி இருக்காம், புத்துநோயாம். அவளே முடிவு பண்ணிட்டா. ஒங்களுக்குச் சோறாக்கக் கத்துக் குடுக்குறாளாம், நான் போனப்புறம் பட்டினி கெடப்பாருன்னு. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா சொல்லக்கூடாதுன்னு. சத்தியமாவது கித்தியமாவது. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் கூட்டிட்டுப் போவட்டா?"

"நான் போறேங்க்கா," என்றேன்.

உள்ளே வந்தபோது நீ சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"நாளைக்கு கிளினிக் போலாம்."

"யாருக்கு?"

"ஒனக்கு."

கீரையை முறத்தில் போட்டாய். "அந்த அக்காவுக்கு வாயில பூட்டே கெடையாது," என்றாய். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். "எடது பக்கம் கட்டி கட்டியா இருக்குங்க. தொட்டா உயிர் போவுது. எங்க சின்னம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு." நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் முதுகில் கை வைக்க நினைத்து, எங்கே வலிக்குமோ என்று பயந்து, உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அரசாங்கக் கிளினிக்கில் இளம் பெண் டாக்டர், நம் தமிழ்ப் பிள்ளைதான். உன்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு, என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். "கட்டின்னு தோணுனா உடனே வரணும் ஆன்ட்டி, எட்டு மாசம் வச்சிக்கிட்டு இருக்கக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்குறேன், படம் எடுத்துப் பார்த்துருவோம்," என்றாள். பிறகு உன் தோளில் சிவந்து குழிந்திருந்த இரண்டு தடத்தைப் பற்றிக் கேட்டாள்.

"என்ன சைஸ் போடுறீங்க ஆன்ட்டி?"

நீ என்னைப் பார்த்தாய்.

"முப்பத்து நாலு," என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "அங்கிள், நீங்களா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீயும் சிரித்தாய், கண்ணில் தண்ணீரோடு. நான் மட்டும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாரு அளந்தது? எப்ப?"

யாரும் அளக்கவில்லை. எப்போதும் அளக்கவில்லை.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில் ஹார்மோன் ஏறும் இறங்கும், அதனால் மார்பு கனக்கும், வலிக்கும், தடவினால் உருண்டை உருண்டையாகத் தெரியும், அது அடிக்கடி நடப்பதுதான், முழுதாக நின்ற பிறகு பெரும்பாலும் வலி குறையும். மார்பில் பால் சுரக்கும் சதை குறைந்து கொழுப்பு சேரும், தளர்ந்து இறங்கும், அளவே மாறிப்போகும், சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். இருபது வயது அளவை ஐம்பது வயதில் போட்டால் பட்டை அறுக்கும், இருக்கிற வலி இன்னும் கூடும். கம்பி வைக்காதது, அகலப் பட்டை, பருத்தி, அதுவும் அளந்து வாங்கவேண்டும். வலி அதிகமான நாளில் படுக்கும்போதும் மெத்தென்று ஒன்று போட்டுக்கொள்ளலாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

"அடியில புண்ணு வந்திருக்கே, இது ஈரத்துனால வர்றது. ஈரமா போடுறீங்களா?"

"காயமாட்டேங்குது டாக்டர்," என்றாய் நீ. "கொடியில... மழை."

என் பேனா நின்றுவிட்டது. நீ என்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படமெடுத்து, முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான்தான் உலை வைத்தேன். ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று நீ ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். "பசிக்குதுங்க," என்றாய். எட்டு மாதத்தில் நீ பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்கவில்லை.

மறு சனிக்கிழமை கடைத்தொகுதிக்குப் போனோம். பாயின் மகன் கடைக்கு இல்லை, பெண்கள் விற்கும் இடத்துக்கு. நான் தலையணை அடுக்கின் பக்கம் நின்றுகொண்டேன். ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி ஒருத்தி கழுத்தில் அளவுநாடாவோடு வந்தாள். "ஆன்ட்டி, அங்காட் தாங்கான்," என்று உன் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டி, சேலைக்கு மேலேயே நாடாவைச் சுற்றினாள். மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று. நீ பையிலிருந்து பழையதை எடுத்துக் காட்டினாய். அவள் என் நீலக்கோடு துணியைத் தடவிப் பார்த்தாள். வாடிக்கையாளர்களிடம் கற்ற தமிழில், "ஐயோ, சின்னது. ரொம்ப சின்னது லா," என்றாள். உன்னை உடைமாற்றும் அறைக்குள் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனாள்.

உள்ளே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் ஒரு தலையணையின் விலைச்சீட்டை எத்தனை முறை படித்தேனோ. நீ வெளியே வந்தாய். தோள் நிமிர்ந்திருந்தது. கிட்டே வந்து மெதுவாக, "ஏங்க, மூச்சு விட முடியுதுங்க," என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"நாப்பது. பக்கத்துல ஒரு இங்கிலீஷ் எழுத்து. எழுதிக்குங்க, எழுதிக்குங்க. ஆனா வருசா வருசம் அளக்கணுமாம்."

இரண்டு அளவு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அத்தனை வருடம் ஒற்றை எண்ணை எழுதி, அதையும் பாதிச் சொல்லாக எழுதி வைத்திருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ அவற்றை மறைத்துக் காயப்போடவில்லை. கொடியின் நடுவில், வெயில் விழும் இடத்தில், என் சட்டைக்குப் பக்கத்தில் போட்டாய். செல்லம்மா அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கொடியேத்தியாச்சு போல!" என்று கூவினார். நீ, "வெயில் படணும்னு டாக்டர் சொல்லிருக்கு," என்று பதிலுக்குக் கூவினாய்.

மழையில் திரும்பத் தொங்கவிட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். பழங்கதை, கிளறினால் உனக்கு வருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் வருத்தத்தைப் பற்றிய கவலை இல்லை அது. பதினெட்டு வருடம் அப்படியே போனது.

பக்கவாதம் உன் வலது கையையும் பேச்சையும் பாதி எடுத்துக்கொண்ட பிறகு, உனக்கு உடை போட்டுவிடும் வேலை எனக்கு வந்தது. உள்துணி எதற்கு, படுக்கையிலேயே இருப்பவர்தானே என்றார் வந்துபோன தாதி. ஆனால் யாராவது பார்க்க வந்தால் நீ இடது கையால் சட்டையை இழுத்து இழுத்து மூடுவாய். எனக்குப் புரிந்தது. முதுகில் கொக்கி மாட்ட உன்னைப் புரட்டவேண்டியிருந்தது, உனக்கு வலித்தது. முன்பக்கம் கொக்கி வைத்தது கிடைக்குமா என்று கேட்க நான் தனியாகக் கடைக்குப் போனேன். தலையணைப் பக்கம் நிற்கவில்லை. நேரே போய், என் மனைவிக்கு என்று அங்கே நின்ற சின்னப் பெண்ணிடம் மலாய் மொழியில் சொன்னேன். அவள் அளவு கேட்டாள். காலையில்தான் அளந்தேன் என்றேன்.

ஆம், நான்தான் அளந்தேன். நீ இடது கையை என் தோளில் போட்டுக்கொள்வாய். கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று. மாதத்துக்கு ஒரு முறை. நீ இளைத்துக்கொண்டே வந்தாய். நோட்டில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு மாதம் அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டினேன், நோட்டைத் திறக்கவில்லை. நீ அதைக் கவனித்தாய்.

அப்படி ஒரு காலையில்தான், கொக்கிகளைக் கீழிருந்து மேலாக மாட்டிக்கொண்டே, உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அன்னைக்கு மழையில நான் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பத் தொங்கப் போட்டுட்டேன். நீ ஈரமா போட்டுக்கிட்டுப் போனது எனக்குத் தெரியும்.

வார்த்தையைத் தேடி எடுக்கும்போது உன் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

"தெரியும்," என்றாய்.

தெரியாமல் எப்படி இருக்கும்? எல்லாத் துணியையும் எடுத்தவன் ஒரு கைலியை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். அத்தனை வருடமும் நான் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

பிறகு இன்னும் கொஞ்சம் தேடி எடுத்துச் சொன்னாய். "கேப்பீங்கன்னு... பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். அதன்பிறகு ஒன்றரை மாதம் இருந்தாய்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நகையை மகள் வைத்திருக்கிறாள், சேலைகளை அக்கா பிரித்துக் கொடுத்தார். எனக்கென்று மிஞ்சியது அந்த இரண்டு வார்த்தை. சோற்றுக்கு உட்காரும்போதும் பஸ்சுக்கு நிற்கும்போதும் அது என்னோடு வருகிறது. அதை இறக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை.

போன வாரம் மகள் கிள்ளானிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு ஆகிறது என்பதை நான் அடிக்கடி மறந்துவிடுகிறேன். பேச்சுவாக்கில், "தூக்கமே இல்லப்பா. சும்மா உக்காந்திருந்தாலே வேர்த்துக் கொட்டுது," என்றாள். ஏர்கானைப் போட்டுக்கொள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நாக்கில் நின்றதை விழுங்கினேன். தகப்பன் மகளிடம் கேட்கிற கேள்வியா, அவள் என்ன நினைப்பாள், மருமகன் பக்கத்தில் இருந்தால்? எல்லாம் தோன்றியது.

"ஏம்மா, மாருல வலி கிலி எதுவும் இருக்கா?" என்று கேட்டேன்.

மறுபக்கத்தில் தொலைக்காட்சி ஓடுவது மட்டும் கேட்டது. தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். "இல்ல, அம்மாவுக்கு இந்த வயசுல..." என்று இழுத்தேன்.

"அப்பா," என்றாள். குரல் தணிந்திருந்தது. "இருங்கப்பா. கதவச் சாத்திட்டு வாரேன்."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நடந்து போவது கேட்டது. கதவு சாத்துவது கேட்டது.